பெட்ரோல் முள்ளுக்குப் போன கம்பி

சித்தூர் தேவானந்தம் காரின் பானட்டைத் திறக்கவே மாட்டார். வண்டி தெருமுனையில் திரும்பும்போதே மூக்கை ஒரு முறை உறிஞ்சி, "இடது பக்க ஹெட்லைட் கம்பி, மூணாவது முடிச்சு" என்று சொல்லிவிடுவார். மெட்ராஸில் நின்றுபோன கார்கூட அவர் சித்தூரில் தும்மினால் ஸ்டார்ட் ஆகிவிடும். இதில் தும்மல் நான் சேர்த்தது. மூக்கை உறிஞ்சியதும் நான் சேர்த்ததுதான். ஆனால் அவருக்குத் தீராத சளி இருந்ததால் அதை முழுப் பொய் என்று யாரும் சொல்லிவிட முடியாது. எல்லோரையும் போல அவரும் பானட்டைத் திறந்துதான் பார்த்தார். திறந்து பார்த்துவிட்டால் பழுதைக் கண்டுபிடிக்காமல் மூடமாட்டார். இதில் ஒரு எழுத்துகூட நான் கூட்டவில்லை.

அப்படிக் கண்டுபிடித்தவற்றில் ஒன்றே ஒன்றை மட்டும் கண்டுபிடிக்காமல் இருந்திருக்கலாம் என்று அவர் கடைசிவரை நினைத்தார்.

மிஷன் போர்டிங்கில் வளர்ந்தவர் அவர். தாய் தகப்பன் யாரென்று தெரியாது. யுத்த காலத்தில் பெங்களூரில் ராணுவ மோட்டார் பட்டறையில் சேர்ந்து, லாரிகளுக்குக் கம்பி இழுக்கக் கற்றுக்கொண்டார். யுத்தம் முடிந்ததும் ஒரு டிஸ்சார்ஜ் காகிதமும் ஒரு சால்டரிங் இரும்புமாகத் திரும்பி வந்து, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு உட்கார்ந்தார். 'மேஸ்திரி' என்று கூப்பிட்டு வருகிற வண்டிக்காரர்களிடம் தெலுங்கு பேசுவார், சபையாரிடம் தமிழ் பேசுவார். செத்த பேட்டரியிடம் மட்டும் இங்கிலீஷ், அதுவும் பட்டாளத்தில் கற்றது. அந்தப் பாஷை புரிந்த ஒரே ஆள் சபைப் போதகர். அவர் கொட்டகைப் பக்கம் வந்தால் தேவானந்தம் பேட்டரியைத் தொடமாட்டார்.

மனைவி லோயிஸ் மிஷன் ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. லோயிஸின் தம்பி நேசகுமார் ஒன்பது வயதில் ஒரு தகரப் பெட்டியோடு அந்த வீட்டுக்கு வந்து, அங்கேயே சாப்பிட்டு, அங்கேயே மீசை முளைத்து, கடைசியில் சபைக் காருக்கு டிரைவர் ஆனான். தேவானந்தம்தான் சபைக் கமிட்டியிடம் பேசி அந்த வேலையை வாங்கிக் கொடுத்தார். வேலையோடு மிஷன் காம்பவுண்டுக்குள் ஒரு ரூமும் கிடைத்தது. அந்த ஒற்றை ரூமில் நேசகுமார், அவன் மனைவி ஜெயசீலி, இரண்டு பெண் குழந்தைகள்.

அந்தக் கார் ஒரு கறுப்பு அம்பாசிடர். சபைக்கு வந்தபோதே பழசு. உள்ளே இருந்த பழைய கம்பிகளையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு, தேவானந்தம் பத்து நாள் உட்கார்ந்து புதிதாகக் கம்பி இழுத்தார். அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அந்தக் கார் சபைக் கோயில் வாசலில் வந்து நின்று இன்டிகேட்டர் கண்ணடித்தால், பாட்டுப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி ஒரு தடவை பார்த்துக்கொள்வார்.

எழுபத்துநாலாம் வருஷம் பிப்ரவரியில் நேசகுமார் கொட்டகைக்கு வந்தான்.

"மாமா, ஃபியூஸு பூட்ச்சி."

"போனா வேற போட்டுக்க. அதுக்குத்தான ஃபியூஸுன்னு பேரு."

"இது மூணாவது. ரைட்ல நல்லா ஒடிச்சா டப்புனு போவுது மாமா. பெட்ரோல் முள்ளு அப்டியே படுத்துக்குது. வைப்பரு, பிரேக் லைட்டு, எல்லாம் கூட சேந்து படுத்துக்குது. கொஞ்சம் வந்து பாரேன்."

தேவானந்தம் அப்போது ஒரு பஸ்ஸின் டைனமோவைப் பிரித்துப் போட்டிருந்தார். தலையைத் தூக்காமலே சொன்னார்: "அந்த டேஷ்போர்டுக்குள்ள என் கை படாத கம்பி ஒண்ணு கெடயாது. அதுல ஷார்ட்டு வராது. நீ வைப்பரையும் இன்டிகேட்டரையும் ஒண்ணா போட்டுக்கினு வெளயாடுவ. கைய வச்சிக்கினு சும்மா இரு."

ஏப்ரலில் மறுபடி வந்தான். மறுபடியும் அதே பதில்தான். இந்தத் தடவை டைனமோவுக்குப் பதில் ஒரு ஜீப். "அப்பால பாக்கலாம் போடா" என்றார். அவன் போய்விட்டான்.

மே மாதம் ஒரு வியாழக்கிழமை. போதகரை எங்கள் சபையில் ஐயர் என்பார்கள். அன்று ஐயர் காலையில் திருப்பதியில் ஒரு கல்யாணத்தை நடத்திவைத்துவிட்டு, மூன்று மணிக்கு நகரியில் ஓர் அடக்க ஆராதனைக்குப் போகவேண்டும். நகரியில் இறந்துபோனவர் கிருபாபாய் என்ற மூதாட்டி. அறுபது வருஷம் ஒரு ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு வந்தவர். திருப்பதியிலேயே ஃபியூஸ் போய்விட்டது. நேசகுமாரிடம் மாற்று இல்லை. பிரேக் லைட் இல்லாமல் லாரிகள் ஓடும் ரோட்டில் ஐயரை ஏற்றிக்கொண்டு போக அவனுக்குப் பயம். தெருவில் கிடந்த ஒரு சிகரெட் பெட்டியைப் பிரித்து, உள்ளே இருந்த வெள்ளித் தாளைக் கருகிய ஃபியூஸின் மேல் சுற்றிச் சொருகினான். டிரைவர்கள் எல்லோரும் செய்கிற வேலைதான். ஆனால் கோளாறு வந்தால் முதலில் தான் எரிந்து கம்பியைக் காப்பாற்றுவது ஃபியூஸ். வெள்ளித் தாள் எரியாது. அதற்குப் பதில் கம்பி எரியும்.

வடமாலபேட்டையில் ஒரு மாட்டுவண்டிக்கு ஒதுங்க வலது பக்கம் ஒடித்தான். டேஷ்போர்டிலிருந்து புகை புறப்பட்டது. வண்டி நிற்பதற்குள் ஐயர் கதவைத் திறந்துகொண்டு குதித்துவிட்டார். கணுக்கால் பிசகிவிட்டது. நேசகுமார் வெறுங்கையால் பேட்டரிக் கம்பியைப் பிடுங்கி எறிந்ததில் தீ பரவவில்லை. அவன் உள்ளங்கைதான் கொப்பளித்தது. சிட்டிபாபு என்ற லாரிக்காரன் இரக்கப்பட்டு, ஐயரை முன்னால் உட்காரவைத்து, காரைக் கயிறு கட்டிச் சித்தூருக்கு இழுத்துவந்தான்.

நகரியில் கிருபாபாயின் பெட்டி ஆறு மணி வரை காத்திருந்தது. மே மாத வெயில். அதற்குமேல் வைத்திருக்க முடியாமல், பக்கத்துத் தறிக்காரர்கள் தோள் கொடுக்க, தெரிந்த பாட்டை அவர்களாகவே பாடி, ஐயர் இல்லாமலே அடக்கம் செய்துவிட்டார்கள். மகன்கள் கமிட்டிக்குக் கடிதம் எழுதினார்கள். அதில் ஒரே ஒரு வரி: "எங்கள் அம்மாவுக்கு ஒரு ஜெபம்கூட இல்லாமல் போயிற்று."

கமிட்டிச் செக்ரட்டரி சுந்தர்ராஜ் ஹெட்மாஸ்டராக இருந்து ஓய்வுபெற்றவர். மறுநாள் கொட்டகைக்கு வந்தார்.

"தேவானந்தம், ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் கமிட்டி. வண்டி தானா எரிஞ்சுதா, உம்ம மச்சான் எரிச்சானா, அதை நீரே பார்த்துச் சொல்லும். வண்டிக் கோளாறுன்னா அவன் இருக்கட்டும். அவன் கோளாறுன்னா ரூமை காலி பண்ணட்டும். உம்ம வார்த்தையைத்தான் எடுத்துக்கப் போறோம். அவனுக்கு நீர் உறவுன்னு சொன்னாங்க சில பேர். நான்தான் சொன்னேன், தேவானந்தம் பொய் சொல்ல மாட்டார்னு."

அவர் போனதும் லோயிஸ் சொன்னாள்: "எலி கடிச்சுதுன்னு சொல்லிடுங்களேன். எலி எல்லா வீட்லயும் கீது."

"எலி கடிச்சிருந்தா எலின்னு சொல்வேன்."

சொல்லிவிட்டு, எலி கடித்திருக்க வேண்டும் என்று உள்ளுக்குள் ஜெபம் செய்தார். எலிக்காக ஜெபம் செய்த ஒரே சபை அங்கத்தினர் அவராகத்தான் இருக்கும்.

சனிக்கிழமை காலையில் வேலையை ஆரம்பித்தார். உருகி ஒட்டிக்கொண்டிருந்த கம்பிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஒன்றோடு ஒன்று படாமல் நடுவில் அட்டைத் துண்டுகளைச் செருகினார். எலியின் பல் தடம் எங்கும் இல்லை. ஃபியூஸ் இருந்த இடத்தில் ஒரு சின்ன பல்பைத் தொங்கவிட்டு பேட்டரியைக் கொடுத்து, சாவியைத் திருப்பினார். ஷார்ட் இருக்கிற வரைக்கும் அந்தப் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். வேறு எதுவும் எரியாது. எந்தக் கம்பியைக் கழற்றினால் பல்பு மங்குகிறதோ அந்தக் கம்பிதான் குற்றவாளி. பட்டாளத்தில் ஒரு ஹவில்தார் சொல்லிக்கொடுத்த முறை.

பல்பு பளீரென்று எரிந்தது.

வைப்பர் கம்பியைக் கழற்றினார். எரிந்தது. இன்டிகேட்டர், எரிந்தது. பிரேக் லைட், எரிந்தது. பின்னால் போய் பெட்ரோல் டேங்குக்குள் மிதந்தபடி அளவு சொல்லும் மிதவையின் கம்பியைப் பிடுங்கினார். பெட்ரோலுக்குள் கிடக்கிற கம்பி கெட்டுப்போக நியாயம் உண்டு. அதுவாக இருந்தால் ஒருவர்மேலும் பழி வராது. முன்னால் ஓடிவந்து பார்த்தார். பல்பு அப்படியே எரிந்துகொண்டிருந்தது. கடைசியாகப் பெட்ரோல் முள்ளின் பின்பக்கத்தில் மின்சாரம் வந்து சேரும் முனையையும் கழற்றினார். அப்போதும் எரிந்தது.

இனி மிச்சம் இருந்தது, ஃபியூஸிலிருந்து பெட்ரோல் முள்ளுக்குப் போகிற ஒரு முழக் கம்பி மட்டும். மிதவைக்கும் முள்ளுக்கும் உயிர் கொடுக்கிற கம்பி.

டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து, கண்ணுக்கு எட்டாத இடத்தில் கையை விட்டார். கம்பியைத் தடவிக்கொண்டே போனார். பாதி வழியில் விரல்கள் எதையோ தொட்டன. பல்பு ஒரு தடவை மினுக்கியது. விரலில் பட்டது ரப்பர் இல்லை, டேப் இல்லை. துணி. காய்ந்து, மொடமொடவென்று, ஒரு பக்கம் பிரிந்து தொங்குகிற துணி.

அவர் அதை வெளியே இழுக்கவில்லை. விரலுக்குத் தெரிந்துவிட்டது. விரல் கண்ணுக்கு முந்திக்கொண்டது.

அறுபத்தொன்பதாம் வருஷக் கிறிஸ்துமஸ். வீடு வீடாகப் பாடிக்கொண்டு கீத பவனி போகிறபோது காரின் மேல் மூங்கிலில் கட்டி, காற்றாடித் தாள் ஒட்டிய ஒரு பெரிய நட்சத்திரத்தை வைத்தார்கள். மற்ற சபைக்காரர்கள் நட்சத்திரத்துக்குத் தனி பேட்டரி தூக்கிக்கொண்டு திரிவார்கள். தேவானந்தம் பெட்ரோல் முள்ளுக்குப் போகிற கம்பியில் ஒரு கிளைக் கம்பியை முறுக்கி மேலே கொண்டுபோனார். வண்டிச் சாவியைத் திருப்பினால் நட்சத்திரம் எரியும், நிறுத்தினால் அணையும். சபையே கைதட்டியது. கம்பிக்குச் சுற்றுகிற டேப் தீர்ந்துபோயிருந்தது, கடைகளும் சாத்திவிட்டார்கள். லோயிஸ்தான் பையிலிருந்து புண்ணுக்கு ஒட்டுகிற வெள்ளைத் துணி பிளாஸ்டரை எடுத்து நீட்டினாள். "ரத்தத்தையே நிறுத்துது, கரண்ட்ட நிறுத்தாதா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். இரண்டு வருஷம் அப்படிப் போயிற்று. பிறகு கோயில் கோபுரத்திலேயே நட்சத்திரம் கட்ட ஆரம்பித்ததும், அவர் கிளைக் கம்பியைச் சாண் நீளத்துக்கு வெட்டி, முனையில் மறுபடி பிளாஸ்டரையே சுற்றி, உள்ளே தள்ளிவிட்டார். அடுத்த வாரம் வந்து டேப் சுற்றிக்கொள்ளலாம் என்று.

அந்த வாரம் வரவேயில்லை. இரண்டு சித்தூர்க் கோடை பிளாஸ்டரின் பசையைப் பொடியாக்கிவிட்டது. வலது பக்கம் ஒடிக்கும்போதெல்லாம் அந்த வெறும் முனை ஊசலாடி ஸ்டீரிங் தண்டின் இரும்பில் போய் முட்டியது.

அதை வெட்டி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். லோயிஸ் கையில் வாங்கிப் பார்த்தாள்.

"இது எங்க ஆஸ்பத்திரி பிளாஸ்டரு."

"ம்."

"அந்த நட்சத்திரத்துதா?"

"ம்."

அவள் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். திரும்பிப் பார்க்காமலே, "சொல்லப் போறீங்களா?" என்றாள்.

"சொல்லிடறேன். என் பேர் போவட்டும். கொட்டாய்க்கு ஆள் வராட்டி போவட்டும். அவன் ரூம் நிக்கும்."

அன்றைக்கு அவர் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். அந்த வாரத்தில் அவருக்கு நம்பிக்கை இருந்தது அந்த ஒரு வேளை மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை, கோயிலை ஒட்டிய சின்ன அறையில் கமிட்டி கூடியது. ஐயர் கட்டுப்போட்ட காலை ஒரு ஸ்டூலின் மேல் நீட்டி உட்கார்ந்திருந்தார். நேசகுமார் சுவரோரம், கையில் துணி சுற்றிக்கொண்டு. ஒரு பெரியவருக்கு நெருப்பைவிடச் சிகரெட் தாள்தான் தாங்கவில்லை. "ஐயர் ஏர்ற வண்டில சிகரெட்டா? சொல்லுடா, நீ குடிக்கறயா இல்லியா?" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டார்.

"கீழ கெடந்துச்சி, எடுத்தேன்யா" என்றான் நேசகுமார்.

"கீழ கெடக்கறதெல்லாம் எடுத்து வண்டில சொருவுவியா?"

தேவானந்தம் முன்னால் வந்து, கருகிய கம்பித் துண்டை மேஜையின் மேல் வைத்தார். நட்சத்திரத்திலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார். பல்பு வைத்துப் பார்த்ததைச் சொன்னார். நேசகுமார் இரண்டு தடவை வந்து சொல்லியும் தான் தலையைத் தூக்கிப் பார்க்காததையும் சொன்னார். "தப்பு என்னுது. அவன் சொருவின தாளு அப்பால வந்தது. இந்தக் கம்பி இல்லன்னா அவன் தாளே சொருவியிருக்க மாட்டான்."

சுந்தர்ராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தேவானந்தம், உம்ம மனசு எங்களுக்குப் புரியுது."

"மனசு இல்லீங்க. கம்பி."

"இருக்கட்டும். பிளாஸ்டர் நம்ம மிஷன்ல எல்லார் வீட்லயும் இருக்கு. நேத்து ராத்திரி ஒரு கம்பில சுத்தி நெருப்புல காட்ட எவ்ளோ நேரம் ஆவும்? முப்பது வருஷமா உம்ம வேலைய பாக்கறோம். நீர் போட்ட கம்பி பிரிஞ்சதுன்னு ஒருத்தராவது சொல்லியிருக்காங்களா? மச்சானுக்காக உம்ம பேரையே கெடுத்துக்கப் பாக்கறீர். இந்தக் காலத்துல யார் செய்வா?"

ஐயரின் கண் கலங்கியிருந்தது. "மத்தவன் குத்தத்தைத் தன்மேல ஏத்துக்கறது…" என்று ஆரம்பித்தார்.

"ஐயரே, இது அன்பு இல்ல, பிளாஸ்டரு!" என்று தேவானந்தம் கத்திவிட்டார். பேட்டரிகளைத் தவிர வேறு யாரிடமும் அவர் கத்தியதில்லை.

வாசலுக்கு வெளியே நின்றிருந்த லோயிஸ் உள்ளே எட்டிப் பார்த்து, "அந்த பிளாஸ்டர குடுத்ததே நான்தான்யா! கர்த்தர் சாட்சி!" என்றாள்.

"பாத்தீங்களா, அக்காவும் வந்துட்டாங்க" என்றார் சிகரெட் பெரியவர். இரண்டு மூன்று பேர் பரிவாகச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. கெட்ட எண்ணம் இருந்திருந்தால் அவரால் சண்டை போட்டிருக்க முடியும்.

தீர்மானம் எழுதினார்கள்: ஃபியூஸ் இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளித் தாளை வைத்துப் போதகரின் உயிருக்கு ஆபத்து உண்டாக்கி, ஓர் அடக்க ஆராதனை தவறக் காரணமான டிரைவர் நேசகுமார் வேலையிலிருந்து நீக்கப்படுகிறார். பதினைந்து நாளில் ரூமைக் காலி செய்யவேண்டும்.

வெளியே வேப்பமரத்தடியில் தேவானந்தம் நேசகுமாரைப் பிடித்தார்.

"நேசா, நம்ம சபைக்கு மேல கீற சர்க்கிள் ஆபீஸுக்கு எழுதிப் போடறேன். பிஷப்ப போய்ப் பாக்கறேன். அந்த பல்ப அவங்க எதுர்லயே வச்சி…"

"வுடு மாமா. அவங்க நம்பலன்னு எனக்கு ஒண்ணும் இல்ல. நான் நம்பறேன்." துணி சுற்றிய கையைக் கீழே போட்டான். "ரெண்டு தபா வந்தேனே. ரைட்ல ஒடிச்சா போவுதுன்னு சொன்னேனே. ஒரு வாட்டி தலைய தூக்கி இருந்தா போதும்."

அடுத்த ஞாயிறு ஐயர் ஒரு காலில் நின்று பிரசங்கம் செய்தார். பேர் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை. தன் வேலையின் பெருமையையே இன்னொருவனுக்காகப் பலியாக்க வந்த ஒரு மனிதனைப் பற்றி. பெண்கள் பக்கத்தில் அழுதார்கள். அதன்பிறகு கொட்டகைக்கு வண்டிகள் குறையவில்லை, கூடின. வந்தவர்களிடமெல்லாம் தேவானந்தம் நடந்ததை நடந்தபடி சொன்னார். அவர்கள் அதையும் அவருடைய தாழ்மையில் சேர்த்துக்கொண்டார்கள். சொல்லச் சொல்ல அவர் பெரிய மனிதராகிக்கொண்டே போனார். ஒரு கட்டத்துக்குமேல் சொல்வதையும் நிறுத்திவிட்டார். எண்பத்திரண்டில் இறந்தபோது அவருடைய அடக்கத்துக்கு இரண்டு ஐயர்கள் வந்தார்கள்.

நேசகுமாரோ அந்த ஜூன் மாதமே பம்பாய்க்கு ரயில் ஏறினான். அங்கே ஒரு பெரிய மில் முதலாளிக்கு டிரைவர் ஆனான். வெளிநாட்டுக் கார், தொப்பி வைத்த யூனிஃபாரம், தங்குவதற்குக் கடல் தெரிகிற வீடு. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் "அன்புள்ள மாமாவுக்கு" என்று ஆரம்பித்து நாலு பக்கம் கடிதம் வரும். தேவானந்தம் அதை—

"எந்த பம்பாய்?" என்றாள் லோயிஸ். நான் எழுதியதை வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். அதுவரைக்கும் எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "இங்க கீற நகரி. விசைத்தறில பாவு நூலு தூக்கிக்கினு இருந்தான் எட்டு வருசம். அந்தக் கையால அப்பறம் ஸ்டீரிங்க தொடவேயில்ல. லெட்டரும் இல்ல, ஒண்ணும் இல்ல. இவருதான் மாசம் ஒரு தபா பஸ் ஏறிப் போவாரு. அவன் தொரத்தல. சண்ட போடல. பாய் போட்டு உக்கார வச்சி, ஜெயசீலிய மீன் வாங்கியாரச் சொல்லி, சோறு போட்டு அனுப்புவான். ஆனா அந்த எட்டு வருசத்துல ஒரு வாட்டிகூட மாமான்னு கூப்புடல. ரிப்பேருக்கு வண்டி வுட வர்ற ஊர்க்காரன் மாதிரி, 'வாங்க மேஸ்திரி'ன்னான். அத எழுது."